வகுப்பறைக் கேலி கருத்துச் சுதந்திரமா?

2022 நவம்பரில் மணிப்பால் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பேராசிரியர், முஸ்லிம் மாணவரைப் பாடவேளையில் 'கசாப்' என்று பயங்கரவாதியின் பெயரால் அழைத்தார். எதிர்த்துக் கேட்டதும், விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். இது விளையாட்டல்ல என்று அந்த இளைஞர் எல்லோர் முன்னிலையிலும் பதிலடி கொடுத்தார். நிர்வாகம் பேராசிரியரை வகுப்பெடுக்க விடாமல் நிறுத்தி விசாரணை வைத்தது. ஆசிரியரின் நாவுக்கும் வரம்பு உண்டு என்று அன்று சமுதாயமே முழங்கியது. சரியாகத்தான் முழங்கியது!

இப்போது ஒரு கேள்வி. அந்த இருக்கையில் ஒரு திருநங்கை மாணவி இருந்து, பெயருக்குப் பதிலாக வசைச்சொல் வந்து விழுந்தால்? நம் பிள்ளைகள் சேர்ந்து சிரிப்பார்களா, எழுந்து தடுப்பார்களா?

"மார்க்கத்தின் கருத்தைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாக உண்டு! பாலினம் பற்றி மார்க்கத்தின் நிலையை எந்த மேடையிலும் எடுத்து வைக்கலாம். அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு அதற்குத்தான். ஆனால் கருத்தோடு மோதுவது வேறு. எதிரே அமர்ந்திருப்பவரை இழிவுபடுத்துவது வேறு.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஷானி ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் மெரிவெதர், திருநங்கை மாணவியைப் பெண்பாலில் குறிப்பிட மறுத்தார். அவர் வழக்குத் தொடர இடமுண்டு என்று 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2022ல் பல்கலைக்கழகம் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இதை எடுத்துக்காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குடும்பப் பெயரால் அழைக்கிறேன் என்று அவரே முன்வந்தார். கேலி செய்யும் உரிமையை அவர்கூடக் கேட்கவில்லை!

நமக்கோ அந்தச் சிக்கலே இல்லை. ஆண், பெண் என்று பிரிக்காத 'அவர்' என்ற மரியாதைச் சொல் தமிழில் இருக்கிறது. "வாங்க" என்று சொன்னால் ஈமான் குறைந்துவிடுமா?

திருநங்கையரைக் கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு வழங்க 2014 ஏப்ரல் 15ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கிய நமக்கு அந்தப் பசி புரியாதா?

வணிகப் பெருமக்களே! கடைக்கு வரும் திருநங்கையரிடம் நீங்கள் பேசும் சொல்லைத்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கல்லூரிக்குக் கொண்டுபோகிறான்.

இளைஞர்களே! பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் சூரத்துல் ஹுஜுராத்தின் 11வது வசனம் தடுத்துவிட்டது. தேங்காய்த்திட்டிலிருந்து காலாப்பட்டு வரை எந்த வகுப்பறையில் இருந்தாலும் அதை நினைவில் வையுங்கள். நமக்குக் கேட்ட கண்ணியத்தைப் பக்கத்து இருக்கைக்கும் கொடுப்போம்!