காட்டுப்பள்ளிக்கு வராத பள்ளிக்கூடம்

காட்டுப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. ஆனால் அது பள்ளிக்கூடத்தைக் குறிப்பதன்று. சிற்றூரைக் குறிக்கும் பழஞ்சொல். எண்ணூருக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டில், பழவேற்காட்டு முகத்துவாரம் வரை வரிசையாக அமைந்த மீனவக் குப்பங்களுள் ஒன்றாக அவ்வூர் இருந்தது. இன்று அப்பெயரைச் சொன்னால் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது துறைமுகம் மட்டுமே. அத்துறைமுகத்துக்காகக் குப்பத்து மக்கள் வேறிடம் பெயர்ந்தனர்.

நண்பர்கள் நால்வர் சில காலம் முன்பு பழவேற்காடு சென்றிருந்தோம். ஒல்லாந்தர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, எங்கள் வழக்கப்படி, தமிழ்வழிக் கல்வி அழிந்துவருவது பற்றி வருந்திப் பேசிக்கொண்டிருந்தோம். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஓர் அம்மா சிறிது நேரம் கேட்டிருந்தார். பிறகு, "ஏன் சார், உங்க பிள்ளைங்கல்லாம் எந்த மீடியம்?" என்றார். எங்கள் நால்வரில் ஒருவரிடமும் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க விடை இல்லை. அக்கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் விடையாகவே இதை எழுதுகிறோம்.

ஆங்கிலேய அரசின் பள்ளிகளைப் பற்றி நம் சிற்றிதழ்ச் சூழலில் இரண்டு தரப்புகள் உண்டு. மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பே தமிழின் மீது விழுந்த முதல் வெட்டு, அப்பள்ளிகள் குமாஸ்தாக்களை வார்த்தெடுத்த தொழிற்சாலைகள் என்பது ஒன்று. இருண்டு கிடந்த நாட்டுக்கு அவையே விளக்கேற்றின என்பது மற்றொன்று. இரண்டும் மொழியைப் பற்றிப் பேசுகின்றன. வாசலைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பள்ளிகளின் குற்றம் அவை ஆங்கிலத்தில் கற்பித்தது அன்று, ஆங்கிலத்தை மிகச் சிலருக்கே கற்பித்தது என்பதே எங்கள் தரப்பு.

சென்னை மாகாணத்தின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். தரம்பால் 1983இல் வெளியிட்ட 'அழகிய மரம்' நூல் வழியே இக்கணக்கு மீண்டும் பேசுபொருளானது. தமிழ் மாவட்டங்களின் திண்ணைப் பள்ளிகளில் பிராமணரல்லாத பிள்ளைகள் கணிசமாகப் பயின்றனர் என்பதையும் அது காட்டியது. மன்றோ மாவட்டந்தோறும் பள்ளிகள், தாசில்தோறும் பள்ளிகள் என்று ஒரு திட்டம் வகுத்தார். 1827இல் அவர் மறைந்தபின் அத்திட்டம் சவலைப்பிள்ளையாயிற்று. 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. இருக்கும் பணத்தைத் தலைநகரில் ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதே தக்கது என்ற எண்ணம் அப்போது மேலோங்கியிருந்தது.

அடுத்து நடந்ததை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 1839 நவம்பரில் சென்னைவாசிகள் எழுபதினாயிரம் பேர் பெயரால் ஒரு விண்ணப்பம் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. உயர்ந்த ஆங்கிலக் கல்வி வேண்டும் என்பதே அதன் சாரம். திணிக்கப்பட்டதாக நாம் சொல்லும் ஆங்கிலம் கேட்டு வாங்கியதும்கூட. 1841 ஏப்ரல் 14 அன்று அரசின் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் படித்த பவுல் அதன் தலைமையாசிரியர். அப்பள்ளியே பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1850களில் கடலூர், ராஜமுந்திரி, கும்பகோணம், கள்ளிக்கோட்டை, பெல்லாரி ஆகிய ஊர்களிலும் அரசு மாகாணப் பள்ளிகளைத் தொடங்கியது. பெரும் மாகாணமொன்றுக்கு அரசின் பெரிய பள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தன.

தமிழைக் கொன்றவை இப்பள்ளிகள் என்போர் கும்பகோணத்தை நினைக்க வேண்டும். அங்கே 1854இல் தொடங்கிய பள்ளி அரசுக் கல்லூரியாக உயர்ந்தது. தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, 1880 பிப்ரவரியில், அவர் பரிந்துரைத்த உ.வே. சாமிநாதையர் மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் தமிழாசிரியரானார். அதே ஆண்டு அதே ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சாயிற்று. ஏட்டை அச்சேற்றிய ஆசிரியரும், தூண்டிய முன்சீப்பும், அரசின் ஆங்கிலக் கல்வி உண்டாக்கிய உலகில் சந்தித்தவர்களே. அதே கல்லூரி 1904இல் சேர்ந்த இராமானுஜனின் உதவித்தொகையை, ஆங்கிலத்தில் தேறவில்லை என்பதற்காகப் பறித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய நிறுவனம் அது. ஆகவே அதைத் தொழவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம்.

வாசலில் நின்றவர் யார் என்று மட்டும் கேட்போம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயர், சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக இருந்தவர். ஒரு தாசில்தாரின் கண்ணில் பட்டு, சென்னைக்கு வந்து, பவுலின் மாணவரானார். வறுமையிலும் வென்றவர் என்று பாடப்புத்தகங்கள் அவரைக் காட்டும். அது மெய்தான். ஆனால் தாசில்தாரின் கண்ணில் படும் இடத்தில் அமரும் உரிமை எல்லா ஏழைச் சிறுவருக்கும் இருந்ததா? வலை இழுக்கும் சிறுவனும் உப்பளத்தில் வேலை செய்யும் சிறுவனும் எந்தக் கச்சேரித் திண்ணையில் அமர்ந்திருக்க முடியும்? 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலைகளில் ஆங்கிலம் கற்றவர்க்கே முன்னுரிமை என்று அறிவித்தபின், அந்த ஒரு வாசலைத் தவறவிட்டவனுக்கு மற்ற வாசல்களும் அடைபட்டன.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தில் பெயர் தந்த எழுபதினாயிரம் பேரும் ஆண்பிள்ளைகளையே மனத்தில் கொண்டிருந்தனர். எந்த மீடியம் என்று எங்களைக் கேட்ட அம்மாவின் கொள்ளுப்பாட்டிக்கு அங்கே இரண்டு மடங்கு இடமில்லை.

பழவேற்காடு 1825இல்தான் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் இக்கடற்கரை சென்னைக்குக் கொடுத்தது கொஞ்சமன்று. கால்வாய் வழியே உப்பும் விறகும் படகுகளில் போயின. நகரத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்குக் கிளிஞ்சல் போயிற்று. மாகாணத்தில் 1805 முதலே உப்பு அரசின் ஏகபோகம். ஏழைக்கும் செல்வனுக்கும் சோற்றில் விழும் உப்பு ஒரே அளவு. எனவே அந்த வரியின் சுமை ஏழைக்கே அதிகம். மீனை உப்பிட்டுக் கருவாடாக்கி விற்கும் மீனவனுக்கு இன்னும் அதிகம். அவ்வருவாயும் சேர்ந்த பொதுக் கருவூலத்திலிருந்துதான் கடற்கரையோரத்து அந்தப் பெரிய கல்விக்கூடம் நடந்தது. காட்டுப்பள்ளியிலிருந்து அது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். உப்பு போன வழியில் பள்ளிக்கூடம் திரும்பி வரவில்லை. 1907இல் மாகாணத்தில் மீன்வளத் துறை தோன்றியபின் மீனவர் பிள்ளைகளுக்கென அது நடத்திய பள்ளிகளும் தொடக்கப்பள்ளிகளாகவே, பெரும்பாலும் மேற்குக் கடற்கரையிலேயே அமைந்தன.

அன்றைய ஆட்சியாளர் இதற்கு ஒரு கொள்கை வைத்திருந்தனர். மேலே உள்ள சிலருக்கு ஊற்றினால் அறிவு கசிந்து கீழே இறங்கும் என்பது அது. வடிகட்டல் கொள்கை என்று அதைச் சொல்வர். பழவேற்காட்டு மீனவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால், கடல் எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஏரிக்குள் இறாலும் மீனும் வாரா. ஊர் கூடி மண்ணை வெட்டி வழி திறக்க வேண்டும். வாய் திறக்காமல் எதுவும் கசிந்து வராது என்பது அவர்களின் அன்றாட அறிவு. இன்னின்ன நாளில் இன்னின்னார் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையை வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பொதுவான ஒன்றைப் பங்கிடுவதற்கு முறை வேண்டும் என்று அறிந்த ஊர்களுக்கு அரசின் கல்வியில் மட்டும் பாடு கிடைக்கவில்லை.

தாய்மொழிக் கல்வி என்றாலே நீதி என்று எண்ணுவோர்க்கு மலாயாவை நினைவூட்டுகிறோம். நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து எழுத்தர்களும் அதிகாரிகளும் வந்தார்கள். தோட்டங்களிலோ, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவை தமிழ்ப் பள்ளிகள். அங்கே தமிழ் வாழ்ந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தைவிட்டு வெளியேறாமல் காக்கும் வேலியாகவும் அதே தமிழ் பயன்பட்டது. ஒருவனுக்குத் தமிழ் மட்டும், மற்றொருவனுக்குத் தமிழும் ஆங்கிலமும் என்று பகிர்ந்தளிப்பவர் தமிழுக்கு நன்மை செய்பவர் அல்லர்.

தமிழக அரசு 2012-13ஆம் கல்வியாண்டு முதல் தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் தொடங்கியபோது எழுத்தாளர் பலர் எதிர்த்தனர். அவர்களின் அச்சம் பொய்யன்று. சிந்திக்கும் மொழியிலேயே தொடக்கக் கல்வி அமைய வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதைச் சொல்லும் தகுதி நமக்கு எப்போது வரும்? நம் பிள்ளைகளும் அதே பள்ளியில் அமரும்போது. அல்லது, தமிழ்வழியில் பயிலும் குப்பத்துப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியரிடம் நல்ல ஆங்கிலம் பாடமாகக் கிடைக்க வேண்டும் என்று, தமிழுக்குக் குரல் கொடுக்கும் அதே உரத்தோடு நாம் கேட்கும்போது. இரண்டும் செய்யாமல் தமிழ்வழியை மீனவர் பிள்ளைகளுக்கு மட்டும் பரிந்துரைப்பது, 1841இன் வாசலை மறுபக்கம் நின்று சாத்துவதாகும்.

கருவூலத்தில் பணமில்லாத காலத்தில் அத்தனை பேருக்கும் எப்படிக் கொடுத்திருக்க முடியும் என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் யாருக்கு முதலில் என்பது அப்போதும் ஒரு தேர்வு; இப்போதும் அப்படியே.

அந்த அம்மா எங்கள் விடைக்காகக் காத்திருக்கவில்லை. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். "ஆங்கில மீடியம்தான் அம்மா" என்று அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், தமிழைப் பற்றிய எங்கள் பேச்சு அங்கிருந்து நேர்மையாகத் தொடங்கியிருக்கும்.