மேடையின் நகல் அல்ல

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பல்சுவை நிகழ்ச்சிகள் லண்டன் மேடையின் மங்கலான நகல்கள்தாம், தொலைக்காட்சிக்கே உரிய கலை 1946க்குப் பிறகுதான் பிறந்தது என்கிறார்கள். பிபிசியின் அலெக்சாண்ட்ரா பேலஸ் நிலையம் மேடைக் கலைஞர்களை நம்பியிருந்தது உண்மைதான். 1936 நவம்பர் 2 தொடக்க நாளிலேயே பக் அண்ட் பபிள்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க இரட்டையர் ஆடிப் பாடினர். ஆனால் கலைஞர்கள் மேடையிலிருந்து வந்ததாலேயே வடிவமும் அங்கிருந்து வந்துவிடாது. செசில் மேடன் தயாரித்த 'பிக்சர் பேஜ்' நிகழ்ச்சியைப் பாருங்கள். தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் அமர்ந்த ஜோன் மில்லர், விருந்தினர்களை ஒவ்வொருவராகப் பார்வையாளரோடு 'இணைத்து' வைத்தார். வீட்டில் இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் இந்த நெருக்கத்தை எந்த நாடக அரங்கு தந்தது? அந்த நிலையத்தின் மார்கோனி-இஎம்ஐ கேமராக்கள் நகர்ந்தன. ஒரு காட்சி மற்றொன்றில் கரைந்தது. அங்கேயே போட்டியாக இயங்கிய பெயர்டு முறையிலோ படச்சுருளைக் கழுவி ஒளிபரப்பும் கேமரா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. 1937 தொடக்கத்தில் அந்த முறை கைவிடப்பட்டதற்கு இந்த அசையாமையும் ஒரு காரணம்.

பார்த்தவர்கள் சிலரே என்பது அடுத்த வாதம். 1939இல் சுமார் 20,000 பெட்டிகளே இருந்தன. அது பரவலின் அளவு, படைப்பின் தரமல்ல. பதிவுகள் இல்லையே என்பார்கள். நேரடி ஒளிபரப்பைப் பதிந்துவைக்கும் வழக்கம் அன்று இல்லை. காணக் கிடைக்காததை நடக்காததாகக் கொள்வது வரலாறு ஆகாது. போர் நெருங்கியதால் 1939 செப்டம்பர் 1 அன்று ஒளிபரப்பு நின்றது. 1946இல் அது மீண்டபோது, 'பிக்சர் பேஜ்' நிகழ்ச்சியும் மீண்டு 1952 வரை நடந்தது. புதுக் கலை அப்போதுதான் பிறந்தது என்பவர்கள் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.