ஆச்சி கேனில் வந்த மலைத் தண்ணி

அழகர்கோவிலில் கருப்பசாமியைக் கும்பிட்டு முடித்ததும், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த வேன்களில் ஒரு சத்தம் கேட்கும். காலி பிளாஸ்டிக் கேன்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம். பிள்ளைகள் தின்பண்டத்தைத் தேட, வீட்டு ஆச்சிகள் கேன் மூடிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்துப் போகும் இடம் நூபுர கங்கை.

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது அழகர் மலை. கோயிலிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் முதலில் பழமுதிர்சோலை முருகன். அதையும் தாண்டி மேலே போனால் ராக்காயி அம்மன் கோயில். அங்கேதான் பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிறது. திருமால் உலகை அளக்கத் தூக்கிய காலின் சிலம்பிலிருந்து பிறந்த நீர் என்பது நம்பிக்கை. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் ஒன்றுதான். அதனால் இதற்குச் சிலம்பாறு என்றும் பெயர்.

"ஏலே, கைய உள்ள விடாத. ஏந்திக் குடி" என்று பேரனை அதட்டும் ஆச்சிகளை அங்கே பார்க்கலாம். பேரன் குடித்துவிட்டுக் கேட்பான்: "ஆச்சி, இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

"சாமி சிலம்புல இருந்துல."

இந்த ஆற்றின் பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம், மாங்காட்டு மறையவர் இந்த மலையின் குகைக்குள் இருக்கும் மூன்று பொய்கைகளைப் பற்றிச் சொல்கிறார். அவற்றின் பெயர்கள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. ஒவ்வொன்றில் மூழ்கினாலும் ஒரு பலன் உண்டு என்கிறார். கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகளோ, அந்தப் பலன்களுக்காக அங்கே போக வேண்டியதில்லை என்று மறுத்துவிடுகிறார்.

இன்றைக்கும் அழகருக்கும் இந்த ஊற்றுக்கும் உள்ள தொடர்பு அறுபடவில்லை. ஐப்பசியில் தைலக்காப்புக்காக அழகரே மலையேறி நூபுர கங்கைக்கு வருகிறார்.

கரிசல்காட்டுக்காரர்களுக்கு இந்த ஊற்று ஏன் இவ்வளவு அதிசயம்? அவர்கள் ஊர் மண்ணைப் பார்த்தால் புரியும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. மழை பெய்ததும் உப்பி, வெடிப்பை மூடிக்கொள்ளும். பருத்திக்கும் சோளத்துக்கும் வேண்டிய ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் கீழே தண்ணீரை எளிதில் விடாது. பல இடங்களில் கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான். கோவில்பட்டிக்குக் குடிநீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயின் ருசிக்கும் அந்தத் தண்ணீரையே காரணம் சொல்வார்கள்.

குழாய் வருவதற்கு முன்னால் ஊருணிதான் கதி. குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். பேரனிடம் "கைய உள்ள விடாத" என்ற அதட்டல் அந்தப் பழக்கத்திலிருந்து வருவது.

ஆச்சி சொன்ன பதிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பதிலும் இருக்கிறது. மலையில் பெய்யும் மழையை மரங்களும் கீழே கிடக்கும் சருகும் தடுத்து நிறுத்துகின்றன. நின்ற தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிப் பாறை வெடிப்புகளில் சேர்கிறது. கீழே போக வழியில்லாத இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் எங்கோ வெளியே வருகிறது. அதனால்தான் மழை நின்று வெகுநாள் கழித்தும் ஊற்று ஓடுகிறது. பேரன் கையில் ஏந்தியது இன்றைய மழை இல்லை. மலை சேர்த்து வைத்த பழைய மழை.

சேமிப்பு என்றால் கரையவும் செய்யும். நாடு முழுக்க சுமார் 50 லட்சம் ஊற்றுகள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இமயமலைப் பகுதியில் ஏறக்குறைய பாதி ஊற்றுகள் வற்றிவிட்டன அல்லது மழைக்காலத்தில் மட்டும் ஓடுகின்றன என்று நிதி ஆயோக் 2018-ல் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. சிக்கிம் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. 2008-ல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தில், ஊற்று விழும் இடத்தில் தொட்டி கட்டுவதோடு நிற்கவில்லை. அந்த ஊற்றுக்குத் தண்ணீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கே வரிசையாகக் குழிகளும் வாய்க்கால்களும் வெட்டி மழையை உள்ளே இறக்கினார்கள். வற்றிய ஊற்றுகள் சில மறுபடி ஓடின.

அழகர் மலைக்குப் போகிறவர்கள் குழி வெட்ட வேண்டியதில்லை. மலைச்சரிவில் பிளாஸ்டிக் கவரையும் சாப்பாட்டு மிச்சத்தையும் வீசாமல் இருந்தால் போதும். வீசிய சோற்றுக்குக் குரங்குகள் கூடும். அவற்றின் கழிவும் நம் குப்பையும் மழையோடு சேர்ந்து பாறை வெடிப்புக்குள்தான் இறங்கும். சோப்புப் போட்டுக் குளித்தால் அந்த நுரை கீழே ஓடும் தண்ணீரில்தான் கலக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீருக்கும் ஒரு பக்குவம் உண்டு. கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது. குடிநீருக்கான இந்தியத் தரப்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருக்கிறதா என்பதைக் கண்ணும் நாக்கும் சொல்லாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, நோயாளி இருக்கும் வீட்டில் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே கொடுக்க வேண்டும். பெட்ரோலோ எண்ணெயோ இருந்த பழைய கேனில் பிடிக்கவே கூடாது.

இரவு வேன் ஊர் வந்து சேரும். ஆச்சி கேனை அடுப்படியில் இறக்கி வைப்பார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு செம்பு வைத்துவிட்டு, மீதியைக் கொதிக்க வைத்து இறக்குவார். காலையில் பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர், எதிர் வீட்டுக்கு ஒரு டம்ளர் போகும். தண்ணீரின் அருமை தெரிந்த தெருவில், அழகர்கோவில் போய் வந்தவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை.