கணினியின் குறுக்கீட்டு நோயும் தாய்ப்பலகைச் சோதனையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பயிர்த்தொழில் புரிவோர் எவரும், வயலில் நீர் பாயாதபோது வயலை மறுபடியும் உழுதுவிட்டு நீரை எதிர்நோக்கியிரார். 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே இறங்கி வந்து இப்பள்ளத்தாக்கை வளம்படுத்தி வருகின்றது. அந்நீர் தடைப்படின், உழவர் வாய்க்காற் கரையே நடந்து, மடைதோறும் நின்று நோக்கி, அடைப்பு இன்ன இடத்தது எனக் கண்ட பின்னரே மண்வெட்டியை எடுப்பர். கழனியில் இத்துணைத் தெளிவாகக் கையாளும் முறையைக் கணினி பழுதுற்ற காலத்து நாம் அறவே மறந்துவிடுகின்றோம். அதனைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

கணினி நம் பக்கத்தார்க்குப் புதியதன்று. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கணினி வழியே நடைபெறுகின்றது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், உழைத்துண்ணும் எளியோர் இல்லங்களிலும் கணினி புகுந்தது. ஆயினும் சுட்டி விட்டுவிட்டு நகர்ந்தாலோ, ஒலி துண்டுதுண்டாகக் கேட்டாலோ, தட்டிய எழுத்து தாமதித்துத் தோன்றினாலோ, கடைவீதியில் உடனே கிடைக்கும் விடை, “ஃபார்மட் போட்டுவிடலாம்” என்பது. அதனாலும் தீராவிடின், “போர்டு போய்விட்டது” என்பது. இவ்விரண்டும் விசாரணையின்றி வழங்கும் தீர்ப்புகளேயன்றி வேறல்ல.

இந்நோயின் இயல்பு யாது? நுண்செயலி ஓயாது கணக்கிட்டுக்கொண்டிருக்க, விசைப்பலகை, சுட்டி, வலையிணைப்பு முதலிய உறுப்புகள் தமக்கு வேண்டியபோது ஒரு சைகை அனுப்பி அதனை அழைக்கின்றன. இதுவே குறுக்கீடு எனப்படும். அழைப்பு வந்ததும் நுண்செயலி, செய்துகொண்டிருந்த பணியை நிறுத்திய இடத்தைக் குறித்துவைத்து, அழைத்த உறுப்பின் தேவையை முடித்து, மீண்டும் பழைய பணிக்குத் திரும்பும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இவ்வழைப்புகளுக்கு எட்டுத் தடங்களே இருந்தன. பின்னாளில் உறுப்புகள் பெருகவே, பல உறுப்புகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. அவற்றுள் ஒன்று பழுதுற்று, கதவைத் திறந்து “யாது வேண்டும்?” என வினவிய பின்னும் தட்டுவதை நிறுத்தாத விருந்தினனைப் போல ஓயாது அழைக்குமாயின், நுண்செயலிக்கு வேறு பணி செய்யப் பொழுதில்லை. ஒரு லட்சம் அழைப்புகளில் 99,900-க்கு மேற்பட்டவை உரிமை கோருவாரின்றிப் போயின், லினக்ஸ் இயங்குதளம் அத்தடத்தையே அடைத்துவிடும். அதனைப் பகிர்ந்திருந்த குற்றமற்ற உறுப்பும் உடன் வாளாவிருக்க நேரும்.

எம் மாணவர் வட்டத்தில் நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். ஒருவருடைய கணினி மேற்கூறிய குறிகள் அனைத்தையும் காட்டிற்று. ஒரு கடையில் இருமுறை யாவும் அழித்துப் புதிதாக நிறுவினர். நோய் தீரவில்லை, அவர் ஆறு திங்கள் உழைத்து எழுதிய ஆய்வேடு மட்டும் அழிந்தொழிந்தது. அதன் பின்னரே யாம் அதனை மேசைமேல் வைத்து ஆராய்ந்தோம். முதற்கண், பென் டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தை இயக்கினோம். நோய் அங்கும் தோன்றவே, பழைய மென்பொருள்மீது கொண்ட ஐயம் பெரிதும் நீங்கிற்று. அடுத்து, வெளியிணைப்புகள் அனைத்தையும் கழற்றினோம், மாற்றமில்லை. குறுக்கீடுகளின் எண்ணிக்கைப் பட்டியலை நோக்க, ஒரு தடத்தின் எண் மட்டும் காரணமின்றி விரைந்து ஏறிற்று. அது தாய்ப்பலகையிலேயே அமைந்த வலையிணைப்பு உறுப்பின் தடம். பயாஸில் அவ்வுறுப்பை நிறுத்தினோம், நோய் நின்றது. யூ.எஸ்.பி. வழி இயங்கும் சிறு வலையிணைப்பி ஒன்றை வாங்கிப் பொருத்தியதும் கணினி முன்போல் இயங்கலாயிற்று. போர்டும் போகவில்லை, மென்பொருளும் குற்றம் செய்யவில்லை. போனது ஆறு திங்கள் உழைப்பே.

இவ்வாறு ஏமாறுதல் எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் அப்போலோ 11 நிலவில் இறங்குகையில், அதன் கணினி 1202 என்னும் எச்சரிக்கையை எழுப்பிற்று. நிரல் பிழைத்ததோ என அஞ்சினர். ஆராய்ந்தபோது, அவ்வேளை வேண்டப்படாத ராடார் ஒன்றின் மின்னிணைப்பிலிருந்து பொருளற்ற சைகைகள் இடையறாது புகுந்து கணினியின் பொழுதைக் கவர்ந்தமை புலனாயிற்று. நிரலோ, முதன்மையல்லாப் பணிகளை ஒதுக்கி உயிர்காத்தது. காரணம் கண்டறியாது நிரலைப் பழித்திருந்தால், காப்பாற்றியவனையே கள்வன் என்றது போலாகியிருக்கும்.

“ஒவ்வொன்றையும் இங்ஙனம் சோதிக்கக் கடைக்காரர்க்குப் பொழுது ஏது?” என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும், மேற்புறம் உப்பிய மின்தேக்கியைக் காணக் கண் ஒன்றே போதும். 1999 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் உலகெங்கும் எண்ணற்ற தாய்ப்பலகைகள் அக்குறையாலேயே மாண்டன. எஸ்.எம்.பி.எஸ்.-இன் 12 வோல்ட் மின்னழுத்தம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்கின்றதா என மல்டிமீட்டரால் அறியச் சில நிமிடங்கள் போதும். இவற்றைச் செய்தும் தாய்ப்பலகையே குற்றவாளியெனத் தெளிந்தால், அதனை மாற்றுக எனக் கூறுதல் முறையே. சோதித்தபின் கைவிடுதல் அறிவு. சோதியாது கைவிடுதல் சோம்பல்.

ஆகலின், பழுதுபார்ப்போர் கூலி பெறுமுன் காரணத்தைக் காட்டுதல் வேண்டும். கணினிக்குரியோரும் அதனைக் கேட்டறிதல் வேண்டும். எதனையும் அழிக்குமுன் உள்ளதைப் படியெடுத்து வைத்தல் இருவர்க்கும் கடன். நம் கல்லூரியிலும் ஒரு சோதனை மேசை அமைத்து, வாரத்திற்கு ஒரு மாலையேனும் ஊரார் கணினிகளை மாணவர் ஆராய்ந்து சொல்வாராயின், இப்பள்ளத்தாக்கில் எத்துணையோ ஏழை மாணவரின் உழைப்பு அழியாது காக்கப்படும். மடையைப் பாராது வயலைப் பழிக்கும் வழக்கம் நம்மவர்க்கு என்றும் இருந்ததில்லை. அதனைக் கணினியிலும் புகவிடாதிருப்போமாக.