தண்ணீர் குடிக்கப் பயப்படும் பிள்ளைகள்

தேர்வு அறைக்குத் தண்ணீர் பாட்டிலோடு போகிற மாணவர் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறாரா? கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் இதைக் கவனித்துப் பார்த்தார்கள். உளவியல் படிக்கும் 447 மாணவர்களில் யார் யார் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்று குறித்துவைத்து, பிறகு அவர்களுடைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். நான்கில் ஒருவர்தான் கொண்டுவந்திருந்தார். அப்படிக் கொண்டுவந்தவர்கள் சராசரியாக 5 சதவீதம் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். வழக்கமாக நன்றாகப் படிப்பவரா, சுமாராகப் படிப்பவரா என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் இருந்தது. 2012-இல் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் மாநாட்டில் இந்த முடிவு வெளியானது.

உடனே துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. பாட்டிலை மறக்காமல் எடுத்துவருகிற பிள்ளை ஹால் டிக்கெட்டையும் மறந்திருக்காது, பாடத்தையும் ஒழுங்காகத் திருப்பிப் பார்த்திருக்கும். கொண்டுவந்த தண்ணீரில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. எனவே தண்ணீர் மார்க் வாங்கித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் பதின்பருவப் பிள்ளைகள் சிலரைக் கனத்த உடையோடு உடற்பயிற்சி செய்யவைத்து, நன்றாக வியர்த்த பிறகு புதிர் ஒன்றைத் தீர்க்கச் சொன்னார்கள். 2011-இல் வெளியான சிறிய ஆய்வு அது. பிள்ளைகள் புதிரை வழக்கம்போலவே தீர்த்துவிட்டார்கள். ஆனால் ஸ்கேன் படத்தில், அதே விடைக்கு மூளை கூடுதலாக உழைத்தது தெரிந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இளம்பெண்களிடம் நடந்த சோதனையிலும் ஏறக்குறைய இதே கதைதான். உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீர் இழந்திருந்தார்கள். விடைகள் பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் தலைவலி வந்தது, சோர்வு வந்தது, கவனம் நிற்கவில்லை, செய்கிற வேலை மலைப்பாகத் தெரிந்தது. மூன்று மணி நேரம் குனிந்து எழுதவேண்டிய பிள்ளைக்கு இதைவிட வேறென்ன கெடுதல் வேண்டும்?

50 கிலோ எடையுள்ள மாணவிக்கு ஒன்றரை சதவீதம் என்பது முக்கால் லிட்டர். நம் ஊர் மார்ச் மாதத்தில் அதை இழப்பது சுலபம். இரவு முழுக்கத் தூக்கத்தில் ஒரு சொட்டும் உள்ளே போயிருக்காது. காலையில் பதற்றத்தில் அரை டம்ளர் காபி. பிறகு நெரிசலான பஸ், மைதானத்து வெயிலில் கடைசிநேரப் புரட்டல். பிளஸ் டூ மாணவர் பத்து மணிக்கு வினாத்தாளை வாங்கிப் பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிக்கிறார். நீட் எழுதும் பிள்ளைகளின் பாடு இன்னும் கஷ்டம். 2025-இல் அந்தத் தேர்வு நடந்த மே 4 அன்றுதான் அக்னி நட்சத்திரமும் தொடங்கியது. ஒன்றரை மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள் என்பதால் உச்சி வெயிலில் சோதனைக்கு வரிசையில் நின்று, இரண்டு மணிக்கு எழுத உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. பிள்ளைகள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களில் பலர், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், தெரிந்தேதான் குடிக்காமல் இருக்கிறார்கள். குடித்தால் போகவேண்டும். போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பவேண்டியிருக்கும். மாதவிடாய் நாட்களில் தேர்வு வந்துவிட்டால் அவஸ்தையைச் சொல்லி மாளாது. காலையில் நிரப்பிக் கொடுத்தனுப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டுகிற அம்மாக்கள், மகளை ஒருமுறை உட்காரவைத்துக் காரணத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றுமாக அந்தப் பிள்ளைகள் டாக்டரிடம் வந்து நிற்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மூளை ஒத்துழைப்பதில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, இனி தாங்கமுடியாது என்கிற கட்டம் வரை சிலரைக் காத்திருக்கச் செய்த சோதனை 2011-இல் வெளியானது. அந்த நிலையில் அவர்களுடைய கவனமும் நினைவில் நிறுத்தும் திறனும் வெகுவாகச் சரிந்தன. குடிக்காவிட்டால் தலைவலி, குடித்துவிட்டு அடக்கினால் தடுமாற்றம். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஒரு மாணவி தேர்ந்தெடுக்க முடிகிறது. இது அநியாயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பாதுகாப்பான குடிநீரையும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆறு மாதம் கெடு விதித்தது. கேரளம் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் மணி அடிக்கத் தொடங்கியது. தமிழகத்திலும் 2025 முதல் பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணிக்குத் தண்ணீர் மணி ஒலிக்கிறது. மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்த மணிக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கும் அதே அக்கறையோடு ஏற்பாடு வேண்டும்.

பொதுத்தேர்வில் இது இன்னும் சிக்கல். தேர்வு மையம் பல பிள்ளைகளுக்கு வேற்றுப் பள்ளி. கழிப்பறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. எழுந்து கேட்டால் காப்பியடிக்கப் போவதாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. தேர்வுக்கு முந்தைய வாரம் வினாத்தாள் கட்டுக்காப்பு அறையையும் பெஞ்சு வரிசையையும் பார்வையிடுகிற அதிகாரிகள், பெண் பிள்ளைகளின் கழிப்பறையையும் திறந்து பார்க்கட்டும். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கட்டும். ‘அவசரம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று அறைக் கண்காணிப்பாளர் வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

பெற்றோர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எழுந்ததும் ஒரு டம்ளர், சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ, புறப்படும்போது கழிப்பறை, கையில் லேபிள் கிழித்த பாட்டில், அறையில் தாகம் எடுத்தால் ஓரிரு மடக்கு. தேர்வு நாளன்று ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் குடிக்கவைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மீதியெல்லாம் அரசின் கையிலும் பள்ளி நிர்வாகங்களின் கையிலும் இருக்கிறது. தொடங்கவேண்டிய இடம், அந்தக் கழிப்பறையைக் கழுவுகிற பள்ளித் தூய்மைப் பணியாளரின் சம்பளம். பல பள்ளிகளில் அவர் வாங்குவது சொற்பத் தொகுப்பூதியம், அதுவும் மாதக் கணக்கில் பாக்கி நிற்கிறது. தேர்வு தொடங்குவதற்கு முன் அந்த நிலுவை முழுவதையும் கொடுத்து முடிக்கவேண்டும்; இனி மாதா மாதம் தவறாமல் கொடுக்கவேண்டும்.