நிறம் ஒத்துப்போகவில்லை

வெளிநாட்டு வணிகர் அனுப்பும் நிறத்துண்டுக்கு ஒப்பச் சாயமேற்றி, 'லேப் டிப்' என்று ஒப்புதலுக்கு அனுப்புவது அருள்புரத்துச் சாயப்பட்டறைகளில் அன்றாட வேலை. பருவத்துக்கான 'மூட் போர்ட்' திருப்பூர் மெர்ச்சண்டைசர்களுக்கும் பழகியதே. இப்போது அந்தப் பலகை கல்யாண வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அண்மையில் உறவுக்காரப் பெண்ணொருத்தி, படப்பிடிப்புக்கென்று பின்ட்ரஸ்ட்டில் திரட்டிய பலகையைக் காட்டினாள். லாவெண்டர் வயல், பனிமூட்டம், வெளிர் உடைகள். அழகாகத்தான் இருந்தன. மாளிகை தீட்டிய ஸ்டுடியோத் திரைக்கு முன்னே நின்றவர்கள்தாமே நம் தாத்தா பாட்டிகளும்; இரவல் கற்பனையை நான் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய விறைத்த முகமாவது அவர்களுடையதாக இருந்தது.

இந்தப் படங்களின் வெளிச்சம் வேறு வானத்துடையது. நம் உச்சிவெயிலில் அதே சாயலைக் கொண்டுவர, கடைசியில் கணினியில் வெளுக்கப்படுவது பெண்ணின் மாநிறம். ஒரு துணியையே லைட் பாக்ஸில் வைத்து, குழல்விளக்கிலும் பகலொளியிலும் மாற்றிமாற்றிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்கிறார்கள். முகத்துக்கு அந்தப் பொறுமை கிடையாதா?

அம்மாவின் கல்யாணப் படத்தையும், இணைச்சீர்ப் படம் ஒன்றையும் பலகையில் சேர்க்கச் சொன்னேன்.

"அரக்குச் சேலைங்க மாமா. மத்த கலரோட சேராது" என்றாள்.