நம் பிள்ளைகள் யார் கணக்கில் நட்டம்?

"ரிசல்ட் வரலைன்னா வாத்தியார் சம்பளத்துல கை வை. அப்பதான் திருந்துவாங்க." புதுச்சேரியில் இதைச் சொல்ல இப்போது தனித் துணிச்சல் எதுவும் தேவையில்லை. அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறி, 2025இல் முதல் பொதுத்தேர்வையும் எழுதிய பிறகு, டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இது ஒரு முற்போக்குக் கோரிக்கை போலவே பேசப்படுகிறது. நம் தோழர்களிலும் சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோபம் நியாயமானது. குருசுக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தன் பிள்ளையைத் தனியார் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, எங்களைப் பார்த்து "இதுங்களுக்கு எங்க படிப்பு ஏறும், கடலுக்குத்தானே போவப்போவுதுங்க" என்று சொன்ன ஆசிரியரைக் காதால் கேட்டவன். தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த செய்திகள் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஆசிரியரை யாரும் மதிப்பிடவே கூடாது என்று பேசும் சங்கத் தலைவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதிப்பிட வேண்டும். எதை வைத்து என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டை மிகப் பழையது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ ஒரு விதி கொண்டுவந்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்றிலும் ஆய்வாளர் பிள்ளையைச் சோதிப்பார். ஒன்றில் தவறினால் பள்ளி மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. அந்த முறை பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் வந்தது. சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகள்கூட இந்த 'ரிசல்ட்' மானியத்துக்காக ஆய்வாளர் முன்னால் பிள்ளைகளை நிறுத்தின. (நாம் அப்போது பிரெஞ்சுக்காரனிடம் இருந்தோம், அந்தத் தொல்லை வரவில்லை, வேறு தொல்லைகள் இருந்தன.)

1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் பூலே ஒரு மனு கொடுத்தார். ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்கும் மனு அல்ல அது. தொடக்கப் பள்ளிகளில் பார்ப்பன ஆசிரியர்களே நிறைந்திருப்பதைக் கடுமையாகச் சாடி, உழைக்கும் சாதிகளிலிருந்து ஆசிரியர்கள் வர வேண்டும் என்றார். குறைந்தது 12 வயதுவரை கட்டாயக் கல்வி கேட்டார். அதே மனுவில், தேர்ச்சியைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை ஏழை மக்களுக்கு ஒத்தே வராது என்றும் எழுதினார். கல்வியே எட்டிப்பார்க்காத இடத்தில் அந்த வருமானத்தை நம்பி எந்த ஆசிரியர் பள்ளி நடத்துவார் என்பது அவர் வாதம். ஆசிரியரை நம்பாதவர்தான் இந்த முறையையும் நம்பவில்லை. இந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க முடியும் என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பூலே சொன்னதை இன்றைய வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். ஓர் ஆசிரியரின் ஊதிய உயர்வு தேர்ச்சி சதவீதத்தில் தொங்குகிறது. எதிரே நாற்பது பிள்ளைகள். பத்துப் பேர் எப்படியும் தேறுவார்கள். வீட்டில் படித்தவர் உண்டு, ட்யூஷன் உண்டு. இருபது பேர் விளிம்பில். கொஞ்சம் தள்ளினால் 33 மதிப்பெண் தொடுவார்கள். மிச்சப் பத்துப் பேர் எட்டாம் வகுப்பிலும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாதவர்கள். அவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் மீன் ஏலத்துக்கு அம்மாவோடு கூடை தூக்கப் போகிறவள், குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியின் மகன். இந்தப் பத்துப் பேர் இன்று அந்த ஆசிரியரின் அலட்சியத்துக்கு ஆளாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தைத் தேர்ச்சியோடு கட்டிய மறுநாள் அவர்கள் அவருடைய பாக்கெட்டில் ஓட்டை ஆகிறார்கள். ஓட்டையை அடைக்கத்தான் எவனும் பார்ப்பான்.

எப்படி அடைப்பார்கள் என்று நமக்குத் தெரியும். தனியார் பள்ளிகள் பல ஆண்டுகளாகச் செய்துகாட்டிய வித்தை அது. 'நூறு சதவீதத் தேர்ச்சி' பிளெக்ஸ் வைக்க வேண்டுமானால் ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடு; இல்லையேல் 'பிரைவேட்டா எழுது' என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் பன்னிரண்டை இரண்டு வருடம் நடத்து. அரசுப் பள்ளியில் இதற்குக் கொஞ்சம் நாகரிகமான பெயர்கள். 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று ஒரு பட்டியல், அவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்'. நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எங்கள் பெஞ்சில் மூன்று பேர் அந்தப் பட்டியலுக்குப் போனார்கள். பத்தே கேள்வி, பத்தே பதில். சாயங்காலம்வரை அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். இருவர் தேறினார்கள். ஒருவன் இன்று படகில் போகிறான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது, வங்கிப் படிவத்தை நிரப்ப என்னிடம்தான் வருவான். அந்த ஆண்டின் புள்ளிவிவரத்தில் அவன் எங்கள் ஆசிரியருக்கு வெற்றி.

"முன்னேற்றத்தை அளப்போம், சென்ற ஆண்டு எங்கே இருந்தான், இந்த ஆண்டு எங்கே வந்தான் என்று" என்பார்கள் கொஞ்சம் படித்தவர்கள். அமெரிக்கா அதைத்தான் பெரும்பணம் கொட்டிச் செய்துபார்த்தது. மாணவர் மதிப்பெண்களிடையே காணும் வேறுபாட்டில் ஆசிரியருக்கு உரியது 1 முதல் 14 சதவீதம்தான் எனப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே அறிக்கை விட்டது. மீதி வீடு, வறுமை, பள்ளி, இன்னும் பல.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். சி.பி.எஸ்.இ. முதல் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற பிள்ளை, அதுவரை மாநிலப் பாடத்திட்டமே நடத்திப் பழகிய ஆசிரியரிடம், கைக்கு அந்நியமான புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதினாள். தனியார் பள்ளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே நிம்மதியாக இருந்தன. அவளுடைய மதிப்பெண்ணில் புயலின் பங்கு எவ்வளவு, பாடத்திட்டத்தை மாற்றிய அரசின் பங்கு எவ்வளவு, ஆசிரியரின் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துக் காட்டும் தராசு எந்த அதிகாரியிடம் இருக்கிறது?

தராசு இல்லாமலே தண்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டா இருக்கிறது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் மாவட்டம். மதிப்பெண் இலக்கைத் தொடாவிட்டால் வேலைக்கு ஆபத்து என்ற நெருக்கடி. 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் மோசடியில் ஈடுபட்டதாக 2011 விசாரணை அறிக்கை சொன்னது. விடைத்தாளில் தப்பை அழித்து ஆசிரியர்களே சரியாக்கியிருந்தார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு. கைவிலங்கு ஆசிரியருக்குப் போனது. படிக்கத் தெரியாமலே 'தேறிய' பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வாதாடுவது நமக்கு அழகல்ல. ஆந்திராவின் ஊரகப் பள்ளிகளில் 2005 முதல் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாணவர் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகை. மதிப்பெண் உண்மையாகவே உயர்ந்தது. ஆனால் அதன் வடிவத்தைப் பாருங்கள். ஊக்கத்தொகை மட்டும்தான், வெட்டு கிடையாது. தொகை சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம் அளவு. தேர்வை நடத்தியது வெளியாள். ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் கணக்கில் வந்தது. டீக்கடைக் கோரிக்கை இதுவா? பொதுத்தேர்வுத் தேர்ச்சி சதவீதம், தலைமையாசிரியர் கூட்டத்தில் அவமானம், மெமோ, இன்கிரிமென்ட் வெட்டு: நம் அதிகாரவர்க்கத்துக்குத் தெரிந்த வழி இதுதான்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, பதவி உயர்வும் ஊதிய உயர்வும் பணிமூப்பால் கிடையாது, மதிப்பீட்டால் மட்டுமே என்கிறது. மாணவர் மதிப்பெண்ணை வைத்து என்று அதில் எழுதவில்லை. ஆனால் எண் கேட்கும் அதிகாரிக்குச் சுலபமாகக் கிடைக்கும் எண் எது? உயர்கல்வியில் இந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2010இல் யு.ஜி.சி. ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரை எண்ணிக்கைக்குப் புள்ளி என்றதும், காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. அறிவு வளர்ந்ததா என்று எந்த ஆய்வு மாணவரையும் கேளுங்கள், சிரிப்பார்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. தேர்ச்சிக் கணக்கு சாதியை மறைத்துவிடுகிறது. 'இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு ஆசிரியர் சொன்னால் நாம் சண்டைக்குப் போகலாம். அதையே 'பலவீனமான கோஹார்ட்' என்று எக்செல் தாளில் எழுதினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நூறாண்டாகப் பாடிய தகுதி, திறமைப் பாட்டுக்கு இது புது மெட்டு.

அப்படியானால் எதை மதிப்பிடுவது? நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அறிக்கை தந்தது. ஆசிரியர் தேர்விலேயே சமூகநீதி குறித்த அவர்களின் மனப்பான்மையைப் பார்க்கச் சொன்னது அக்குழு. அதைச் செயல்படுத்தச் சொல்லி இன்கிரிமென்ட் வெட்டுக்காரர் யாரும் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, கடைசிப் பெஞ்சுப் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா, யாரைக் கூட்டச் சொல்கிறார், யாரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார், வாசிக்கத் தடுமாறும் அந்தப் பத்துப் பேருக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் கொடுக்கிறார்: இவற்றைப் பார்க்கலாம். பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர்.

சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவர்கள் விகிதத்தில் இடம். எங்கள் தெருவில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் அக்காக்களிடம் விசாரித்தேன். ஒருவருக்குத்தான் அப்படி ஒரு குழு இருப்பது தெரிந்திருந்தது. அவர் அதில் உறுப்பினர். "நோட்ட எடுத்துக்கிட்டு வூட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கினு போவாங்க தம்பி" என்றார். அடுத்த கூட்டத்துக்கு நேரிலேயே போவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கு ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்பதை முதலில் கேட்கச் சொன்னேன்.